பின்பாட்டுக்கு ஒரு மைக்

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வியாசர்பாடியில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அது கேசட் காலம். ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் வந்தால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு மேடை இருக்கும். விடிந்ததும் கம்பத்தில் ஹாரன் கட்டி, விழாக் கமிட்டிக்காரர்கள் கொடுக்கும் கேசட்டைப் போட்டுவிட வேண்டும். அதில் கே.ஏ.குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' கட்டாயம் இருக்கும். அந்தப் பாட்டு வந்தால் டீக்கடையில் நிற்பவர்கள் வாயும் சேர்ந்து அசையும். மற்ற பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இதை மட்டும் கூடவே பாடுவார்கள். ஏன் அப்படி என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது.

அவருக்கு மைக் வைக்கும் வாய்ப்பு எனக்குக் கடைசிவரை அமையவில்லை. 2016 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்துபோனார். அவரைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் படித்தும், அவரோடு பழகியவர்கள் சொல்லியும்தான்.

1955-ல் பிறந்தவர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் மாரந்தை சொந்த ஊர். சிறுவயதில் பட்ட சாதிக் கொடுமையை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இளையாங்குடியில் முஸ்லிம் வீடுகளில் பழகும்போது இல்லாத தீட்டு, சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போனால் முன்னால் வந்து நிற்கும். அப்படி வளர்ந்த பையன் பிற்பாடு நாட்டுப்புறப் பாடல்களையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். நகரத்து மக்களின் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றியும் தனியாக நூல் எழுதினார். 'தன்னானே' என்ற கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநர் என்று பெரிய பொறுப்புகளில் இருந்தார். அப்புறமும் மேடையில் பறைக்கு நடுவே நின்று பாடுவதை விடவில்லை.

'மனுசங்கடா' இன்குலாப் எழுதியது. சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த கவிஞர் அவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் வந்த வரிகளைக் குணசேகரன் நாட்டுப்புற மெட்டில் பாடினார். கூட்டத்துக்கு அந்த மெட்டு ஏற்கெனவே பழக்கம். வயலிலும் சாவு வீட்டிலும் கேட்டு வளர்ந்தது. அதில் புதிதாகச் சொல் ஏறும்போது, மெட்டைப் பிடிக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை, சொல்லை வாங்கினால் போதும். இது பெரிய வேலை. எந்த மெட்டு எந்தச் சொல்லைத் தாங்கும் என்று தெரிய, பல ஊர்ப் பாட்டுக்காரர்களின் காலடியில் உட்கார்ந்து கற்றிருக்க வேண்டும். போராட்டப் பாட்டுதானே, கத்தினால் போதும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒருவர் எடுத்துக் கொடுப்பார், குழு வாங்கிப் பாடும். மைக் செட் வேலையில் இந்த முறைக்கு இருக்கும் மதிப்பு மெதுவாகத்தான் எனக்குப் பிடிபட்டது. திறந்த வெளிக் கூட்டத்தில் ஒரு வரியை முதல் தடவையே எல்லோரும் முழுசாகக் கேட்டுவிட மாட்டார்கள். பக்கத்தில் குழந்தை அழும், லாரி போகும். குழு திருப்பிப் பாடும்போது விட்ட சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த முறை அவர்களே குழுவாகிவிடுவார்கள். ஆகவே பின்பாட்டுக்காரர்களுக்கு நல்ல மைக் வேண்டும். மெயின் பாடகருக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் அங்கேயும் வேண்டும். எக்கோ வைக்கவே கூடாது. வரி இரண்டாம் முறை வரவேண்டியது மனிதர்கள் வாயிலிருந்து. மெஷின் அதைச் செய்தால் சொல் குழம்பிப்போகும்.

இதை எனக்கு வெளிப்படையாகச் சொன்னவர் புளியந்தோப்பு கானாப் பாடகர் ஒருவர். பகலில் துறைமுகத்தில் லோடு வேலை, இரவில் பாட்டு. ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாட வந்திருந்தார். உட்கார்ந்ததும் வீட்டுக்காரர்களிடம் ஒரு சீட்டு வாங்கினார். இறந்தவர் பேர், பார்த்த வேலை, பிள்ளைகள் பேர், பேரப்பிள்ளைகள் பேர், இன்னும் கல்யாணமாகாத மகளின் பேர். அந்தச் சீட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, டோலக் அடிக்கு ஏற்ப அத்தனை பேரையும் பாட்டில் கொண்டுவந்துவிட்டார். நடுவில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எக்கோவ மூடு. நான் இன்னா சொல்றேன்னு பின்னாடி குந்தினுக்கிற ஆயாவுக்குப் புரியணும்" என்றார். மூடினேன். பின்வரிசையில் இருந்த அந்த அம்மா தன் தம்பியின் பேர் வந்ததும் வாய்விட்டு அழுதார்.

பறைக்கு வேறு கணக்கு. மேடைக்குப் பின்னால் பழைய அட்டை, வைக்கோல் போட்டுத் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். மழை பெய்த நாளில் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்று வரும். சூடேற ஏற, சிண்டுக்குச்சி படும் இடத்தில் சத்தம் கூர்மையாகும். விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அது சரியாகும் வரை நானும் மைக்கைத் திறக்க மாட்டேன். திறந்தாலும் இரண்டு கை தூரம் தள்ளித்தான் வைப்பேன். தெருவில் பறைக்கு மைக்கே தேவையில்லை. ரொம்பக் கிட்டே வைத்தால் பாடுபவரின் சொல்லை அது விழுங்கிவிடும். இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது, தீ வேண்டாம், மழைக்கும் தொய்யாது. குறை சொல்ல மாட்டேன், தெருத் தெருவாக அலையும் குழுக்களுக்கு அது வசதி. என் காதுக்குத் தோல்தான் பிடிக்கிறது.

ஒரு கல்லூரி விழாவுக்கு மைக் செட் போட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். மக்கள் பாடல் என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு பாட்டு. ஐந்து பேர் குழு. ஏற்பாடு செய்தவர் வந்து, "மெயின் சிங்கருக்கு மட்டும் மைக் போதும், பின்னாடி நிற்பவர்கள் சும்மா கை தட்டட்டும்" என்றார். வாடகையில் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்து, காசு வேண்டாம், நான் வைத்துத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. பாடகர் நன்றாகவே பாடினார். மாணவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். ஒருவர்கூடச் சேர்ந்து பாடவில்லை. ஒற்றைக் குரலாக வந்தபோது அது கச்சேரியாகிவிட்டது. அதே பாட்டுக்கு மீஞ்சூர் பக்கம் தொழிலாளர் கூட்டத்தில் மைதானமே எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கானாவுக்கு இன்னொரு கதவைத் திறந்தவர் இசைவாணி. ராயபுரத்துப் பெண். அப்பாவும் இசைக்காரர், சின்னக் குழந்தையிலிருந்தே மேடையேறியவர். கானா என்றால் ஆம்பளைங்க பாடுவது என்று ஊறிப்போன இடம் இது. இரவு நிகழ்ச்சிகளில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள், பாட மாட்டார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது அந்தக் குழுவில் அவரும் இருந்தார். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2020-ல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி பேர் வந்ததும் எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகள் போனில் காட்டிக்காட்டிப் பேசினார்கள். பாட்டில் அவர் கேட்ட கேள்விகளுக்காக மிரட்டலும் வசையும் வந்தன. அவர் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் வந்து, "அண்ணே, எங்களுக்குக் கட்டை சுருதி, மைக்கை அதுக்கு ஏத்தமாதிரி வை" என்று உரிமையோடு கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களோடு தினமும் வாக்குவாதம். பென் டிரைவில் டிராக் கொண்டுவருகிறார்கள். அதில் தாளம் மட்டுமல்ல, கோரஸும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. ஆள் கூட்டிவர முடியவில்லை, போக்குவரத்துச் செலவு கட்டாது என்கிறார்கள். நியாயமான கஷ்டம்தான். ஆனால் பதிவான கோரஸ் கூட்டத்துக்காக ஒரு நொடி நிற்காது. அதனால் டிராக்கில் தாளத்தை வைத்துக்கொண்டு கோரஸை எடுத்துவிடச் சொல்கிறேன். தெருவிலேயே நாலு பேரைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பழக்கி, மேடையில் ஏற்றச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு இரண்டு மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் கூடுதலாகத் தருகிறேன். அதற்கு வாடகை வாங்குவதில்லை.