கால்சியம் 11.6, வயது 24

இன்று கண்ணில் பட்ட ஒரு ரிப்போர்ட்: கால்சியம் 11.6, பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்) 148. வயது 24.

முதல் இரண்டு எண்களும் இயல்பைவிட அதிகம்; அவை பாராதைராய்டைக் காட்டுகின்றன, அதாவது ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், கழுத்தில் உள்ள நான்கு சிறு சுரப்பிகளை. கத்தியை எடுக்குமுன் யோசிக்க வைப்பது மூன்றாவது.

அறுபது வயதுக்காரர் என்றால் பெரும்பாலும் நான்கு சுரப்பிகளில் ஒன்றில்தான் கட்டி. அதை எடுத்து, 10 நிமிடம் கழித்து பிடிஎச் பார்ப்பார்கள். அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் கழுத்தைத் தைத்துவிடலாம்.

இருபதுகளில் வந்தால் மரபணுமேல் சந்தேகம் வர வேண்டும். 1997இல் அடையாளம் காணப்பட்ட எம்இஎன்1 என்ற மரபணு பழுதானால் நான்குமே பாதிக்கப்படும். ஒன்றை மட்டும் எடுத்தால் நோய் திரும்பும். அதனால் மூன்றரையை எடுத்து, ரத்த ஓட்டம் கெடாமல் சுமார் 50 மில்லிகிராம் விட்டுவைப்பார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியையும் கழுத்து வழியாக எடுப்பார்கள். உபரிச் சுரப்பி பலசமயம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

சிடிசி73 என்ற இன்னொரு மரபணு பழுது என்றால் கதையே வேறு. பாராதைராய்டில் புற்றுநோய் மிக அரிது, ஆனால் இந்தக் குடும்பங்களில் அந்தப் பயம் நிஜம். கட்டியின் உறை கிழிந்தால் செல்கள் சிந்தி, பிறகு கழுத்தில் அங்கங்கே முளைக்கும். ஊசி குத்திப் பார்ப்பதையும் தவிர்ப்பது நல்லது. வீட்டில் யாருக்காவது தாடை எலும்பில் கட்டி வந்ததா என்று கேட்க வேண்டும்; அதுவும் இந்தப் பழுதின் அடையாளம்.

மரபணுச் சோதனையை அறுவைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எத்தனை சுரப்பியை எடுப்பது என்பதே அதில்தான் இருக்கிறது.