கனடாவில் எவடம்?

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையின் முடக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரைச் சிறுவயது முதலே வாத்தியார் மாமா என்றுதான் அழைத்து வருகிறோம். கனடாவிலிருந்து எவர் வந்தாலும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "அங்கை எவடம்?" என்பதுதான். ரொறன்ரோ என்றாலும் மார்க்கம் என்றாலும் விடமாட்டார். யாழ்ப்பாணம் என்று சொல்பவரிடம் எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று கேட்டு முடிக்கும்வரை நமக்கும் மனம் ஆறுவதில்லையே. இம்முறை அவருடைய விறாந்தையில் அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் வாழும், ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்தின் ஆர்மடேலைப் பற்றி முதன்முறையாக ஒழுங்காகச் சொல்ல நேர்ந்தது.

ஆர்மடேல் ஒரு காலத்தில் தனிக் கிராமம். மார்க்கம் வீதியும் ஸ்டீல்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் கமம் செய்து குடியேறிய ஊர் அது. அதற்கு முன்பே, 1794இல், வில்லியம் பெர்ட்சி என்பவர் அழைத்துவந்த ஜேர்மானியக் குடும்பங்கள் மார்க்கத்தில் காணி பெற்றிருந்தன. அவர்களுக்கும் முன்பு, ரூஜ் ஆற்றை அண்டிய அந்த நிலத்தில் வெண்டாட் என்னும் பூர்வகுடி மக்கள் சோளம் பயிரிட்டு வாழ்ந்தார்கள். பழைய கிராமத்தின் எச்சமாக இன்று என் கண்ணில் படுவது, 1880இல் கட்டப்பட்ட சிறிய தேவாலயம் ஒன்றுதான். சுயாதீன மெதடிஸ்த சபைக்குக் கனடாவில் உள்ள கோயில்களில் அதுவே மிகப் பழையது. அதே மார்க்கத்தில் இப்போது வன்னி என்ற பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது என்று சொன்னபோது, "அப்ப கொக்குவில் எண்டும் ஒண்டு வையுங்கோவன்" என்றார் மாமா.

நான் அங்கே நேராகப் போய் இறங்கியவனல்லன். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமப் பகுதியே போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்த கூட்டத்தில் நடந்து, பல இடங்களில் தங்கி, 1997 மார்கழியில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நான்கு பேராகக் குடியிருந்தோம். அதன் ஒரே ஜன்னல் நில மட்டத்தில் இருந்தது; மேலே போவோர் வருவோரின் சப்பாத்துகளை மட்டுமே அதனூடாகப் பார்க்கலாம். பனி கொட்டிய நாட்களில் அதுவும் மூடிவிடும். இரவு வேலை முடிந்து வந்து படுத்தால், எழும்போது காலையா மாலையா என்று தெரியாது. 2003இல் வங்கிக் கடன் எடுத்து ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே வீடு வாங்கினோம். ஊரின் நடுவாக ஓடும் அந்த வீதிதான் ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லை. ஆகவே ஒரே பேருந்தில் இருந்தபடியே அதைக் கடந்தாலும் இன்னொரு கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மனைவி வேலைக்குப் போய் வந்த காலம் முழுவதும், காசை மிச்சம் பிடிப்பதற்காக எல்லையிலேயே இறங்கி இருபது நிமிடம் நடந்து வருவார். தை மாதக் குளிரிலும் அப்படித்தான். அந்த இரட்டைக் கட்டணம் 2024 பெப்ரவரியில்தான் ஒழிந்தது.

வீடு வாங்கிய மறு கோடையில், கத்தரிக்கன்று நடுவதற்காகப் பின்வளவைக் கொத்தியபோது ஒரு முழ ஆழத்தில் துருப்பிடித்த குதிரை லாடம் ஒன்று தட்டுப்பட்டது. ஆணித்துளைகளில் இரண்டு மட்டும் அடைபடாமல் இருந்தன. எங்கள் வளவு யாரோ ஒருவருடைய உழவு நிலமாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த விவசாயிகளின் பிள்ளைகள் காணியை விற்றுவிட்டு எங்கே போனார்கள் என்று கேட்க அயலில் ஒருவரும் இல்லை. லாடம் இன்னும் என் கராஜில் கிடக்கிறது.

குடிசனக் கணக்கு மாமாவுக்குப் பிடித்த விடயம். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டில் எண்ணப்பட்டவர்கள் ஒன்பது பேர். வந்தவர் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே எங்கள் வயதுகளை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆண்டு, கிளிநொச்சியும் சேர்ந்திருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். மார்க்கத்தில் வெறும் 77 ஆயிரம் பேர். பிறகு 1991இல் இலங்கையில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கில் முழுமையாக எடுக்க முடியவில்லை. 31 ஆண்டுகள் கழித்து 2012இல் எண்ணியபோது யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் கூட்டினாலும் 7 இலட்சத்தை எட்டவில்லை. யார் எந்த ஆண்டில் போனார், யார் செத்தார் என்பதையெல்லாம் அந்த இரண்டு எண்களும் சொல்லமாட்டா. இடப்பெயர்வின் பின் ஐயாவுடன் ஊருக்குத் திரும்பி, அவரும் காலமானபின் தனித்திருந்த அம்மா அன்று தொலைபேசியில் சொன்னார்: "நான் ஒருத்திதான் எண்டு சொன்னன். பெடியன் நம்பாமல் ரெண்டாம்தரமும் கேட்டவன்."

அம்மாவை 2014இல் எங்களிடம் அழைத்துக்கொண்டோம். 2021 வைகாசியில் கனடாவின் கணக்கெடுப்புப் படிவத்தைக் கணினியில் மகன்தான் நிரப்பினான். சிறுவயதில் வீட்டில் முதன்முதலாகக் கற்று, இன்னும் விளங்குகிற மொழி எது என்ற கேள்வி வந்ததும் அவன் நிமிர்ந்து அப்பம்மாவைப் பார்த்தான். பிறகு தமிழ் என்று இட்டான். எங்கள் ஆறு பேரையும் சேர்த்து அந்த ஆண்டில் மார்க்கத்தின் தொகை 3 இலட்சத்து 38 ஆயிரம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டபின், எங்கள் ஒழுங்கையில் சொந்தக்காரர் குடியிருக்கும் வீடுகளைத் தொடக்கத்திலிருந்து விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். பூட்டிய வீடுகளையும், பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்ட வீடுகளையும் தவிர்த்துக்கொண்டே வந்தார். நான்கு விரல் மடங்கியபோது எங்கள் வீடு வந்தது. என்னைப் பார்த்து, "தம்பி, எப்ப திரும்பிப் போறாய்?" என்றார். பதினெட்டாம் திகதி என்றேன். ஐந்தாவது விரலை மடக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.