சில்லிக்கு பேக்கன் கொழுப்பா, எண்ணெயா? ஐந்து முறை செய்து பார்த்தேன்

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பழைய ஜாம் பாட்டில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையிட்ட பன்றிக்கறிக் கீற்றுகள், பொரித்து முடித்ததும் வாணலியில் நிற்கும் கொழுப்பை அதில் ஊற்றி வைப்பேன். ஆறியதும் நெய் போல வெள்ளையாக உறைந்துவிடும். முட்டை பொரிக்க, உருளைக்கிழங்கு வதக்க அவ்வப்போது ஒரு ஸ்பூன் எடுப்பேன். மற்றபடி அது பாட்டுக்கு இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இதை வீட்டில் வைத்துக்கொண்டா எண்ணெயில் சில்லி செய்கிறாய், மிஹா?" என்று கேட்டார். நான் இருக்கும் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் மெக்சிகோ வழி வந்த பெரியவர்கள் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் 'கண்ணு' என்பது போல. அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

சில்லி என்றதும் ஹோட்டல் சில்லி சிக்கனை நினைக்க வேண்டாம். இது டெக்சஸின் சில்லி கோன் கார்னே. மாட்டுக்கறித் துண்டுகளைக் காய்ந்த மிளகாய் விழுதில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவிட்டுச் செய்யும் கெட்டிக் குழம்பு. இங்கே அதில் பீன்ஸ் போட்டால் சண்டைக்கே வருவார்கள். 1977இல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தார்கள். நான் இருக்கும் நகரத்துக்கு இதில் தனி உரிமையே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலிட்டரி பிளாசா சதுக்கத்தில் பெண்கள் அந்தி சாய்ந்ததும் அடுப்பு மூட்டி, விளக்கு வைத்து, பெஞ்சு போட்டு சில்லி விற்றார்கள். 'சில்லி குயின்ஸ்' என்று ஊரே அவர்களை அழைத்தது. இன்று அந்த இடத்தில் நகராட்சி மாளிகை நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டிகளில் என்ன கொழுப்பு ஊற்றியிருப்பார்கள் என்ற யோசனை எனக்கு வரும்.

பழைய டெக்சஸ் செய்முறைகளில் அடிக்கடி வருவது மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு, 'சூயட்'. இல்லாவிட்டால் பன்றிக் கொழுப்பை உருக்கி எடுத்த 'லார்ட்'. நெடும்பயணம் போனவர்கள் காய்ந்த இறைச்சி, கொழுப்பு, மிளகாய் மூன்றையும் சேர்த்து இடித்துக் கட்டியாக்கி எடுத்துப்போய், வழியில் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கொழுப்பு சில்லியிலிருந்து விலகியதற்கும் ஒரு கதை உண்டு. லிண்டன் ஜான்சன் 1955இல், ஜனாதிபதியாவதற்கு முன்பே, கடுமையான மாரடைப்பில் விழுந்து எழுந்தார். பிற்பாடு வெள்ளை மாளிகையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அட்டையில் அச்சடித்து அனுப்பிய 'பெடர்னாலிஸ் ரிவர் சில்லி' செய்முறையில் அதனால்தான் சூயட் கிடையாது. ஆக, பேக்கன் கொழுப்பை ஆதி மரபு என்று சொல்ல முடியாது. வீட்டில் மிஞ்சியதை வீணாக்காத சமையலறைப் பழக்கம் அது. எனக்கு அதுவே போதும்.

ஐந்து முறையும் அடிப்படை ஒன்றுதான். ஒரு சட்டிக்கு 600 கிராம் 'சக்', அதாவது மாட்டின் தோள்பட்டைக் கறி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக. ஆன்ச்சோ மிளகாய் மூன்று, குவாஹியோ இரண்டு, உறைப்புக்கு ஆர்போல் ஒன்று. விதை நீக்கி, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து மிக்ஸியில் மையாக அரைத்தேன். ஊறிய தண்ணீர் கசந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டு அரைப்பது நல்லது. ஒரு வெங்காயம், மூன்று பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், மெக்சிகன் ஓரிகானோ கொஞ்சம். கடைசியில் கெட்டிப்பட ஒரு டேபிள்ஸ்பூன் மாசா மாவு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைக்கும், டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக்கான அதே மாவுதான். கொழுப்பு எதுவானாலும் இரண்டு டேபிள்ஸ்பூன்.

முதல் சட்டி வீணாய்ப் போனது. பாட்டிலிலிருந்து பேக்கன் கொழுப்பை அப்படியே எடுத்து, கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேற்றி, கறியைப் போட்டேன். கறி சிவப்பதற்குள் புகை கிளம்பி அலாரம் அலறியது. அதைவிட, கொழுப்பின் அடியில் தங்கியிருந்த பேக்கன் துணுக்குகள் கருகிக் கரும்புள்ளியாகக் கறியில் ஒட்டிக்கொண்டன. இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் அந்தக் கசப்பு குழம்பை விட்டுப் போகவில்லை. பேக்கன் கொழுப்பு தோராயமாக 190 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும், துணுக்குகள் அதற்கும் முன்னால் கருகும். சுத்திகரித்த கனோலா எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கறியை முறுகலாகச் சிவக்கவைக்கச் சட்டி நல்ல சூட்டில் இருந்தாக வேண்டும். அந்த வேலைக்கு எண்ணெய்தான் சரி என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. சர்க்கரை சேர்த்துப் பதப்படுத்திய பேக்கன் என்றால் இன்னும் மோசம். நான் பொரித்தது அந்த வகைதான் என்பதைப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்த பிறகே கவனித்தேன்.

அடுத்த வாரம் கொழுப்பை உருக்கி, பேப்பர் டவலில் வடிகட்டி வைத்துக்கொண்டேன். பேக்கனைக் குளிர்ந்த வாணலியில் பரப்பிச் சின்னத் தீயில் உருக்கினால் கொழுப்பு பொன்னிறம் ஏறாமல் தெளிவாக வருகிறது. 340 கிராம் பாக்கெட்டில் நான்கு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடவே தேறியது. இந்த முறை இரண்டு சட்டியை ஒரே நேரத்தில் ஏற்றினேன். ஒன்றில் எல்லாமே கனோலா, இன்னொன்றில் எல்லாமே வடிகட்டிய பேக்கன் கொழுப்பு, தீ மட்டும் கொஞ்சம் குறைவு.

சமைக்கும்போது வித்தியாசம் வானத்துக்கும் பூமிக்கும். பேக்கன் சட்டியில் வெங்காயம் விழுந்ததும் வீடு முழுக்கப் புகையிட்ட மணம். ஆனால் வெந்து முடிந்து கண்ணை மூடிக்கொண்டு ருசித்தபோது எனக்கே சந்தேகமாக இருந்தது. என் கணவர் இரண்டு கிண்ணத்தையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா. இதுல கறி கொஞ்சம் நல்லா சிவந்திருக்கு, அவ்வளவுதான்" என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினார். ஏமாற்றமாக இருந்தது.

காரணம் மறுநாள் காலையில் கிடைத்தது. ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியின் மேலே கொழுப்பு படலமாக உறைந்திருந்தது. அதை வழித்துத் தராசில் வைத்தேன்: 71 கிராம். நான் ஊற்றிய இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 27 கிராம்தான், அதிலும் ஒரு பங்கு குழம்போடு கலந்துபோயிருக்கும். மிச்சமெல்லாம் கறியிலிருந்து உருகி இறங்கியது. மாட்டுக் கொழுப்பு அவ்வளவு இருக்கும் சட்டியில் ஆரம்பத்தில் ஊற்றிய கொழுப்பின் குரல் அடங்கிப்போவதில் ஆச்சரியம் இல்லை. அப்படியானால் அந்தக் குரல் எந்த இடத்தில் கேட்கும்?

இந்த இடத்தில்தான் நம் சமையல் எனக்குக் கைகொடுத்தது. குழம்புக்கு மசாலா விழுதை வதக்கும்போது எண்ணெய் பிரிந்து வரும்வரை விடமாட்டோம் அல்லவா? மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசினும், அதன் சிவப்பு நிறமும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. பேக்கனின் புகை மணமும் கொழுப்போடுதான் ஒட்டியிருக்கிறது. இதுவரை ஊறிய மிளகாய் விழுதை நேரடியாகக் கறியில் ஊற்றிவிட்டேன், இங்கே பல செய்முறைகள் அப்படித்தான் சொல்கின்றன. விழுதை முதலில் பேக்கன் கொழுப்பில் வதக்கினால் என்ன என்று தோன்றியது.

மூன்றாவது முறை கறியை ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில், கூட்டம் சேராமல் மூன்று தவணையாகச் சிவக்கவைத்து எடுத்து வைத்தேன். அப்புறம் தீயைக் குறைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கன் கொழுப்பில் வெங்காயம், பூண்டு, சீரகத்தூள். அதன்மேல் மிளகாய் விழுது. ஏழெட்டு நிமிடம் கிளறியதும் விழுது ஓரம் சுருங்கி, செங்கல் நிறக் கொழுப்பு பிரிந்து வந்தது. ஆன்ச்சோவில் எப்போதும் இருக்கும் உலர்திராட்சை மணம் அந்த நேரத்தில் எழுந்ததைப் போல முன்னால் ஒருநாளும் எழுந்ததில்லை. பிறகு கறி, தண்ணீர், சின்னத் தீயில் இரண்டரை மணி நேரம்.

இதுதான் சட்டி. புகை மணம் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கவில்லை, மிளகாயோடு ஒன்றாகிவிட்டது. குழம்பின் நிறம் கூட ஒரு படி ஆழமாக இருந்தது. என் கணவர் பேசாமல் இரண்டாம் கிண்ணம் வாங்கிக்கொண்டார். பாட்டிக்கு ஒரு டப்பா கொடுத்தேன். வேலிப் பக்கம் வந்து, "யார் சொல்லிக்கொடுத்தது, விழுதை வதக்கச் சொல்லி?" என்று கேட்டார். என் அம்மா புளிக்குழம்பு வைக்கும் விதத்தைச் சொன்னேன். வெகுநேரம் புளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த மூன்றாவது முறை செய்ததில் பாதியை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை முழுவதுமாக வழித்துவிட்டேன், உடம்புக்கு நல்லது என்று. சூடாக்கிச் சாப்பிட்டால் புகை மணத்தைத் தேட வேண்டியிருந்தது! சிவப்பிலும் ஒரு பங்கு காணோம். தேடித்தேடிச் சேர்த்ததெல்லாம் அந்தப் படலத்தோடு போய்விட்டது. இப்போது பாதியை மட்டும் வழிக்கிறேன். முழுவதும் வழித்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற உடல்நிலை இருப்பவர்கள் பேக்கன் கொழுப்புக்காக மெனக்கெட வேண்டாம், எண்ணெயே போதும். அவர்களுக்கு நல்ல மிளகாயில் செலவிடுவதுதான் பலன் தரும்.

நான்காவதில் அளவைக் கூட்டிப் பார்த்தேன். விழுது வதக்க மூன்று டேபிள்ஸ்பூன் பேக்கன் கொழுப்பு. வேண்டவே வேண்டாம். மிளகாய் பின்னால் போய், காலை டிபனுக்குப் பொரித்த பேக்கன் மணமே முன்னால் நின்றது, நாக்கில் ஒரு பூச்சு. உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பேக்கன் உப்பில் ஊறியது என்பதால் கொழுப்பும் கரிக்கும் என்று முதலில் பயந்தேன். உப்பு கொழுப்பில் கரைவதில்லை, வடிகட்டிய கொழுப்பில் உப்பு அநேகமாக இல்லை. ஆனால் பொரித்த பேக்கன் துண்டுகளைக் கடைசியில் தூவினால் அந்த உப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, சூயட். கசாப்புக் கடையில் கேட்டால் மலிவாகவே கொடுத்தார்கள். பொடியாக நறுக்கிச் சின்னத் தீயில் உருக்கி, விழுதை அதில் வதக்கினேன். ஆழமான, புகையில்லாத மாட்டுக்கறிச் சுவை. சூடாக இருக்கும்வரை ஐந்திலும் இதுதான் மிகப் பழையதாக, சதுக்கத்து அடுப்பில் வெந்ததைப் போல ருசித்தது என்று எனக்குப் பட்டது. ஆனால் கிண்ணம் ஆறத் தொடங்கியதும் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டியது. மாட்டுக் கொழுப்பு பேக்கன் கொழுப்பைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும், ஆகவே சீக்கிரம் உறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் சுடச்சுடப் பரிமாறி உடனே சாப்பிடும் வீட்டுக்குச் சரி. எங்கள் வீட்டில் பையன் ஒரு கிண்ணத்தை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பான்.

ஆக, இப்போது நான் செய்யும் அளவு: 600 கிராம் கறிக்கு, சிவக்கவைக்க ஒரு டேபிள்ஸ்பூன் கனோலா, விழுது வதக்க ஒரு டேபிள்ஸ்பூன் வடிகட்டிய பேக்கன் கொழுப்பு. இரண்டு மடங்கு கறிக்கு எண்ணெயை இரட்டிப்பாக்குவேன், பேக்கன் கொழுப்பை ஒன்றரையில் நிறுத்திக்கொள்வேன்.

பாட்டில் காலி. இந்த ஞாயிறு சர்க்கரை சேர்க்காத பேக்கன் இரண்டு பாக்கெட் வாங்க வேண்டும், ஒன்று ஹிக்கரி மரப் புகையில் போட்டது, மற்றது ஆப்பிள் மரப் புகையில். ஆன்ச்சோவின் திராட்சை மணத்துக்கு ஆப்பிள் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன். பாட்டி ஹிக்கரிதான் என்கிறார். இரண்டு சட்டியும் அடுத்த சனிக்கிழமை ஏறுகின்றன, டப்பாவை இப்போதே அனுப்பிவிட்டார்.