இன்ஜின் மாற்றிய வண்டி செல்ஃப் எடுக்காதபோது

என்னைப் போன்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியனைப் பட்டறைக்காரர்கள் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். இன்ஜினை ஏற்றி, ஆயில் ஊற்றி, கூலன்ட் நிரப்பி, சாவியைத் திருப்பி, ஒன்றும் நடக்காமல், தெரிந்த வழியெல்லாம் முயன்று பார்த்து ஓய்ந்த பிறகு போன் வரும். செங்கல்பட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த அழைப்பும் அப்படிப்பட்டதுதான். “அண்ணே, இன்ஜின் மாற்றிய வண்டி, செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பார்த்துவிட்டோம். இசிஎம் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது” என்றார் மெக்கானிக். இசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி.

வண்டி ஒரு டூரிஸ்ட் டாக்ஸி. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் இன்ஜின். இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிக் கார்களில் ஓடிய இன்ஜின் அது. அதனால் சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் உள்ளே ஒன்றாக இருந்தாலும் வெளியே ஒன்றாக இருக்காது. பிராக்கெட், சென்சார், ஒயரிங் போகும் பாதை எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். பழைய இன்ஜினிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டியில் கோளாறைத் தேடும்போது நான் முதலில் கேட்பது, “எதையெல்லாம் கழற்றினீர்கள்?” என்பதைத்தான். நேற்றுவரை வேலை செய்த சாவியும் ரிலேயும் இசிஎம்மும் ஒரே நாளில் சேர்ந்து கெடுவது அபூர்வம். கை பட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

இசிஎம் பற்றிய பயத்தை முதலில் போக்க வேண்டியிருந்தது. இன்ஜின் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல், சென்சார், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் என்று தேடலாம். சுற்றவே இல்லை என்றால் பார்க்க வேண்டிய பாதை மிகவும் சிறியது: பேட்டரி, தடித்த கேபிள், சாவி, ரிலே, மோட்டாருக்குப் பெரிய கரன்டைத் திறந்துவிடும் சாலினாய்டு, மோட்டார், கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் எர்த். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகள் சிலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டி உத்தரவு கொடுத்தால்தான் செல்ஃப் ரிலே வேலை செய்யும். அங்கே அதையும் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டி சாவி போட்டுத் திருப்புவது. இம்மொபிலைசருக்குச் சாவியை அடையாளம் தெரியாவிட்டாலும் இன்ஜின் சுற்றும், டீசல்தான் வராது.

பட்டறைக்குப் போனதும் ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, பட்டறைத் தம்பியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. இந்த ஒரு சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். வெளிச்சம் மங்கிவிட்டால் பேட்டரி பலவீனம், அல்லது இன்ஜின் இறுகியிருக்கிறது, அல்லது மோட்டாருக்குள் ஷார்ட் என்று யோசிக்கலாம். மங்காமல் நிற்கிறது என்றால் மோட்டாருக்குப் பெரிய கரன்ட் போகவே இல்லை. வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

ஆனாலும் இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் நான் மேலே போவதில்லை. கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, நீண்ட கைப்பிடியால் சுற்றினால் இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வர வேண்டும். அளவு தவறிய நீளமான போல்ட் ஒன்று ஃப்ளைவீலைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் முழுதும் உட்காராமலே பெல் ஹவுசிங்கை இறுக்கியிருக்கலாம். சிலிண்டரில் தண்ணீர் நிற்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் மாற்றிய இன்ஜினும் கைவிட்டுப் போகும். அம்பாசடரில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வழி இருந்தது; இன்ஜின் லேசாக இருக்கிறதா, பிடித்திருக்கிறதா என்று கையே சொல்லிவிடும். அந்த வசதியைக் கார்களிலிருந்து எடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இந்த இன்ஜின் நன்றாகச் சுற்றியது.

அடுத்து, டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தோம், செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் கரன்ட் இருக்கிறது, சாவியைத் திருப்பினால் சின்ன டெர்மினலிலும் வருகிறது, அதனால்தான் மோட்டாரைக் கழற்றினோம் என்றார்கள். மேசையில் வைத்து பேட்டரியோடு இணைத்தபோது அது நன்றாகச் சுற்றியதாம். மறுபடி மாட்டினால் பழையபடியே. டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எங்கே மாட்டினீர்கள் என்றேன். மெக்கானிக் ஃபெண்டர் ஓரத்து போல்ட்டைக் காட்டினார். அது பாடி, பேட்டரி மைனஸோடு இணைந்தது. செல்ஃப் மோட்டார் உட்கார்ந்திருப்பது இன்ஜினில். இன்ஜின் ரப்பர் மவுன்ட்களின்மேல் நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் எர்த் பட்டை சரியில்லை என்றால், பாடியில் கிளிப் மாட்டிய விளக்கு பளிச்சென்று எரியும். மோட்டாருக்குப் பாதி வழிதான் திறந்திருக்கும்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையிலும் வைத்தேன். நல்ல எர்த் என்றால் சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். தம்பி திருப்பினான். மீட்டர் 10 வோல்ட்டைத் தொட்டு இறங்கியது. பேட்டரியின் பலம் முழுவதும் எர்த்திலேயே தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது. நான் வந்ததிலிருந்தே ரப்பர் கருகிய வாடை ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கியர் கேபிளைத் தொட்டேன், சுட்டது. முறையான வழி கிடைக்காத கரன்ட், அந்தக் கேபிளின் உலோக உறை வழியாகத் திரும்ப முயன்றிருக்கிறது. சாலினாய்டு டக்கென்று இழுப்பதற்கு அந்தச் சுற்றுவழி போதும். 200 ஆம்பியருக்கு மேல் கேட்கும் மோட்டாருக்குப் போதாது. இன்னும் சில முறை விடாமல் அடித்திருந்தால் கேபிள் தீப்பிடித்திருக்கும்.

எர்த் பட்டை இல்லாமல் இல்லை. மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். இருந்தது, நன்றாக இறுக்கியும் இருந்தது. முன்பு கியர்பாக்ஸ் மேல் ஸ்டட்டில் இருந்த பட்டையை, ஏற்றும்போது எட்டவில்லை என்று இன்ஜின் தூக்கும் பிராக்கெட்டில் மாட்டியிருந்தார்கள். புதுப்பேட்டையில் இன்ஜின் பார்வையாக இருக்கட்டும் என்று பிளாக், பிராக்கெட், போல்ட் எல்லாவற்றுக்கும் கனமாக சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பட்டையைக் கழற்றியதும், அதன் வளையம் பதிந்த தடத்தில் பெயின்ட் அப்படியே முழுதாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கடுகளவு கருகல். வளையத்துக்கும் இரும்புக்கும் இடையில் தொடர்பே அந்தக் கடுகளவுதான்.

பெயின்ட்டைச் சுரண்டும் முன், எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்று ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து நேராக பிளாக்குக்குக் கொடுத்தேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுற்றியது. டீசல் லைனில் காற்று இருந்ததால் உடனே பிடிக்கவில்லை. கைப்பம்பால் காற்றை எடுத்த பிறகு பிடித்தது. புதிய செம்புப் பின்னல் பட்டை ஒன்றைப் பழைய இடத்திலேயே, அரம் போட்டுப் பளபளப்பாக்கிய ஸ்டட்டில் இறுக்கி, அதன்மேல் வாசலின் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் சார்ஜிங் 14.2. சூடுபட்ட கியர் கேபிளையும் மாற்றச் சொன்னேன்.

அந்த மெக்கானிக் வேலை தெரியாதவர் அல்லர். இன்ஜினை அவர் ஏற்றியிருந்த நேர்த்தியைப் பார்த்தாலே தெரியும். என் மனத்தாங்கல் வேறு. நம் பட்டறைகளில் பொருளுக்குப் பணம் உண்டு, பார்ப்பதற்குப் பணம் இல்லை. புது பேட்டரி என்று பில் எழுதினால் வண்டிக்காரர் பேசாமல் கொடுப்பார். கோளாறைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று, அதற்குக் கூலி என்றால் என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார். அதனால் மெக்கானிக் அளப்பதை விட்டுவிட்டு மாற்றத் தொடங்குகிறார். பேட்டரி, கார்பன் பிரஷ், ரிலே என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் விலை உயர்ந்த இசிஎம்மில் வந்து நிற்கும். எர்த் பட்டை இந்த வரிசையிலேயே வராது. மலிவான பொருளைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

வண்டிக்காரருக்கு முகூர்த்த நாள் சவாரி இரண்டு கைநழுவிப் போயிருந்தது. பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் புதியதற்கு மாற்றாகக் கடையில் கொடுத்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. நான் கூலி கேட்டபோது, பார்த்ததற்கு என்று வெளிப்படையாகவே சொல்லிக் கேட்டேன். அவர் தயங்காமல் கொடுத்தார். பேட்டரிச் செலவில் பாதியைப் பட்டறை ஏற்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் மாற்ற வேண்டிய காகிதங்களோடு சேர்த்து, பில்லைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.