கோனா கடலில் மான்டா திருக்கை

ஏப்ரல் 27, வேலூர்

அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் இருக்கும் கோனாவில், அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாச்சு. அங்கேயும் இங்கேயும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம், தூக்கம் பிடிக்காமல் ராத்திரி 2 மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த நேரத்திலும் கைப்பிடிச் சுவரில் சூடு இறங்கவில்லை. எல்லாரும் எரிமலை பார்த்தியா என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன். ஆனால் மனசு முழுக்க மான்டா திருக்கைதான்.

ஏப்ரல் 28

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கார்டன் ஈல் கோவ் என்று ஓர் இடம். பாண்டிச்சேரியில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு கடலில் முங்குவது, கற்றுக்கொண்டது இதற்காகத்தான். பொழுது சாய்ந்ததும் படகிலிருந்து இறங்கி, சுமார் 35 அடி ஆழத்தில் கல்லும் மணலுமான தரையில் வட்டமாக முட்டி போட்டு உட்கார வேண்டும். அலை தூக்கிவிடாமல் இருக்க இடுப்பில் கூடுதலாக ஈயம் கட்டிவிடுகிறார்கள். நடுவில் பெரிய விளக்குகள் மேல்நோக்கி எரியும், நம் கையில் டார்ச், மேலே மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறவர்களின் விளக்கு கீழ்நோக்கி அடிக்கும். மழைக்காலத்தில் டியூப்லைட்டை ஈசல் மொய்க்குமே, அப்படி அந்த வெளிச்சத்தில் பொடிப்பொடி உயிர்கள் வந்து கூடுகின்றன. அவற்றைத் தின்னத்தான் மான்டா வருகிறது.

வந்தது. முதலில் வெறும் இருட்டு, அப்புறம் அந்த இருட்டிலேயே ஒரு பகுதி அசைந்தது. சிறகு பத்தடிக்கு மேல் இருக்கும். தலையின் இரண்டு பக்கமும் சுருட்டி வைத்திருந்த மடல்களை விரித்து, வாயை அகலத் திறந்து, நேராக என் டார்ச்சை நோக்கி வந்து, முகத்துக்கு ஒரு சாண் மேலே அப்படியே மல்லாந்து கரணம் போட்டது. திறந்த வாய்க்குள் செவுள் வரிகள்கூடத் தெரிந்தன. மறுபடி மறுபடி அதே இடத்தில் அதே கரணம். தொடக் கூடாது, தோல் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் காப்பு, கை பட்டால் போய்விடும். எனக்குக் கை நீட்டத் தோன்றவே இல்லை. மூச்சு விடவே தயக்கமாக இருந்தது, நம் காற்றுக் குமிழி போய் அதன் வயிற்றில் முட்டுமே என்று.

மே 1

அணைக்கட்டு ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் வீடியோ காட்டினேன்.

"திருக்கைன்னா வால்ல முள்ளு இருக்குமே, கொட்டிடாதாம்மா?"

"இதுக்கு முள்ளே கிடையாது பெரியப்பா. கடிக்கவும் கடிக்காது."

"இம்மாம் பெரிய உடம்ப வச்சிக்கினு தூசியவா தின்னுது!"

திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

மே 3

அண்ணன் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மான்டாவின் வயிற்றுப் புள்ளிகள் இன்னொன்றுக்கு இருக்காது, அதை வைத்தே ஒவ்வொன்றுக்கும் பேர் சூட்டிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஹவாயில் 2009இலிருந்து இதைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். வேறு கடல்களில் செவுளுக்காகவே பிடித்துக் காயவைத்துச் சீன மருந்துக்கு விற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடுகிற உயிர், அதை வலைபோட்டு அள்ளினால் எப்படித் தாங்கும்? கோனாவிலும் ஒரே இடத்தில் அத்தனை படகுகள் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதைக் குறைத்தே ஆக வேண்டும்.

அக்கா பெண் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். முதலில் நீச்சல். பெரியப்பா கிணற்றில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் காலி கேனைக் கட்டி இறக்கிவிட வேண்டும்.