கேட்டதை மட்டும் கொடுத்தேன்

அந்த எக்செல் கோப்பிலிருந்து சில வரிகளை நான் நீக்கினேன். நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீக்கக் கூடாது என்றும் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்காக நான் எனக்கே சொல்லிக்கொண்டு வரும் காரணங்கள்தான்.

எங்கள் அலுவலகத்தின் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது என் வேலை. கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி மேலாளர் கேட்டது சாதாரணமாகத்தான் இருந்தது. "அவரோட லேப்டாப் லாக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. போன மாசம் முழுக்க."

"எதுக்குன்னு தெரிஞ்சா எடுக்க வசதியா இருக்கும் சார்."

"வேலை நேரத்துல வேலை தேடுற சைட்டுலயே உட்கார்ந்திருக்காராம். அதான்."

வாய்ப்பேச்சுக்கு லாக், அதாவது இணையப் பயன்பாட்டுப் பதிவு, எடுத்துக் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். எச்ஆரிலிருந்து மெயில் வரட்டும் என்றேன். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. நான் இருக்கைக்குத் திரும்புவதற்குள் மெயில் வந்துவிட்டது. தள்ளிப்போட என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

லாக் என்றால் ஆள் என்னவெல்லாம் செய்தார் என்று படம்பிடித்து வைத்திருப்போம் என நினைக்கிறார்கள். அதில் இருப்பது நேரம், நெட்வொர்க்கில் கருவிக்குக் கிடைக்கும் எண்ணான ஐபி முகவரி, தளத்தின் பெயர், போன பைட், வந்த பைட், அவ்வளவுதான். ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க முறைக்கு மாறிவிட்டதால் எந்தப் பக்கத்தைப் படித்தார், என்ன தட்டச்சு செய்தார் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் மூடாமல்தான் போகும். அதற்கு முன்னால் அந்தத் தளத்தின் முகவரி எது என்று விசாரிக்கும் டிஎன்எஸ் கேள்வியாகவும் போர்ட் 53-இல் அதே பெயர் திறந்தபடி போயிருக்கும். யார் எந்த வீட்டு வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும், உள்ளே போய் என்ன பேசினார் என்று தெரியாது. வாசலே போதும் என்கிற வீடுகளும் உண்டு என்பதுதான் இங்கே சிக்கல்.

அன்று அசட்டையாக எடுத்துக் கொடுக்கவில்லை. ஐபியை ஆளோடு பொருத்த டிஎச்சிபி லீஸ், அதாவது எந்தக் கருவிக்கு எந்த ஐபி எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவு, பார்க்க வேண்டும். வின்டோஸ் சர்வரில் லீஸ் காலம் தானாக 8 நாள் இருக்கும். எங்கள் இடத்தில் ஆட்கள் இருக்கை மாறி உட்காருவதால் குறைத்து வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு தொல்லை. மேசையில் இருக்கும் டாக் என்ற இணைப்புப் பெட்டியில் லேப்டாப்பைச் செருகினால் பல நேரம் டாக்கின் மேக் முகவரிதான், அதாவது அந்தப் பெட்டியின் வன்பொருள் அடையாள எண்தான், நெட்வொர்க்குக்குத் தெரியும். காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர், லாக்கில் இருவரும் ஒரே கருவி. அந்த இருக்கைகளில் பதிவானதையெல்லாம் தனியாகப் பிரித்து விலக்கினேன். நெட்வொர்க் போக்குவரத்தைப் பதியும் ஃபயர்வாலின் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன். இல்லையென்றால் இரவில் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் வழியாக வீட்டிலிருந்து பார்த்தது எங்கே போய் விழுந்திருக்குமோ தெரியாது.

தனித்தாளில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். இந்தப் பதிவைக் கொண்டு ஒருவர் எத்தனை மணி நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. திறந்து விட்டுவிட்டுப் போன டேப் தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் இணைப்புகளைச் சொடுக்காமலேயே சில நேரம் பிரவுசர் முன்கூட்டி டிஎன்எஸ் கேட்டு வைத்துக்கொள்ளும். கேட்டது இயந்திரம், மனிதர் கண் எங்கே இருந்தது என்பதற்கு இது சாட்சி இல்லை. அவரைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் அந்தத் தாளை யாரும் திறக்கவில்லை, வரைபடம் ஒன்றைத்தான் திரையில் போட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இனி அந்த வரிகள். வேலைவாய்ப்புத் தளங்களை மட்டும் வடிகட்ட வேண்டுமென்றால் முதலில் எல்லாத் தளங்களின் பெயரையும் வரிசைப்படுத்திப் பார்த்தாக வேண்டும். எதை விட வேண்டும் என்பது பார்த்த பிறகுதானே தெரியும்? அப்படிப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒரு சிகிச்சை மையத்தின் தளம் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. என்ன சிகிச்சை என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. பெயரைப் பார்த்தால் யாருக்கும் புரியும், அவ்வளவுதான். அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். சர்வரில் இருந்த மூலப்பதிவைத் தொடவில்லை. மேலாளருக்குப் போகும் பிரதியில் மட்டும்.

இங்கேதான் என் வாதம் ஆட்டம் காண்கிறது. வாய்மொழியாகக் கேட்டது வேலை தேடும் தளங்களை. மெயிலில் இருந்ததோ "இணையப் பயன்பாட்டு விவரம்" என்று பொதுவாக. அனுமதிக்கு மெயிலைப் பிடித்துக்கொண்டேன். எதை எடுப்பது என்பதற்கு வாய்ப்பேச்சைப் பிடித்துக்கொண்டேன். எழுத்தில் வேண்டும் என்று அடம்பிடித்த ஆள் எழுத்துப்படி நடக்கவில்லை. கேள்விக்குத் தேவையானதை மட்டும் கொடுப்பதுதானே முறை என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது. சரிதான். ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யவில்லையே.

பிறகு ஒரு மாலை, சர்வர் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். லாக் எடுக்கப்பட்ட அந்த ஊழியர் வந்து நின்றார்.

"அண்ணா, நீங்க பார்த்தீங்களா?"

"கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்."

"அது தெரியும்ணா. நீங்க பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"யாரு உட்கார்ந்து அதெல்லாம் பார்ப்பாங்க? ஃபில்டர் போட்டா வந்துடும்."

"சரிண்ணா" என்றார். வேலை தேடியது தன் மனைவிக்காக என்றார், நான் கேட்காமலேயே. நான் தலையாட்டினேன். அது உண்மையா என்று நான் யோசித்தேன் என்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த உரையாடலை எத்தனையோ விதமாக மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன். "பார்த்தேன், அதை எடுத்துட்டேன்" என்று சொல்லியிருந்தால்? எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் நிற்கும்போதெல்லாம் அது மூன்றாவது ஆளாக நிற்கும். பார்க்கவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் சொன்னபடி பார்த்தால், ஃபில்டர் போட்டது யார், எதற்குப் போட்டது, எது விடுபட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேலாளர் கையிலும் அந்த வரிகள் இருக்கின்றன என்று நினைத்தே அவர் அங்கே வேலை பார்த்திருக்கலாம். அவரைக் காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அவருக்குத் தெரியவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வரிகள் மேலாளர் கண்ணில் பட்டிருந்தால், கவனம் சிதறியதற்குக் காரணம் புரிந்து கொஞ்சம் விட்டுப்பிடித்திருப்பாரோ? அவர் கெட்டவர் இல்லை. அல்லது, "இவர் அடுத்த வருஷம் முழுக்க லீவுதான் போடுவார்" என்று கணக்குப் போட்டிருப்பாரோ? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. எது நடந்திருக்கும் என்று முடிவு செய்ய என்னை யாரும் நியமிக்கவில்லை. எக்செல் முன்னால் உட்கார்ந்து நானே நியமித்துக்கொண்டேன்.

பின்னால் தேடிப் படித்ததில் ஒரு வழக்கு கண்ணில் பட்டது. ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற விற்பனைப் பொறியாளரை 2007-இல் வேலைநீக்கம் செய்தார்கள். வாடிக்கையாளர்களுக்காகத் திறந்த யாஹூ மெசஞ்சர் கணக்கில் சொந்த விஷயம் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அச்செடுத்து வைத்த உரையாடல்களில் சகோதரரோடு பேசிய பேச்சும் நிச்சயித்த பெண்ணோடு பேசிய அந்தரங்கமும் இருந்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2017-இல் 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்களா, இதைவிடக் குறைவாக ஊடுருவும் வழி இருந்ததா என்பதையெல்லாம் உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாக எடைபோடவில்லை என்றது. படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்த யோசனை வேறு. அந்த நிறுவனத்திலும் யாரோ ஒருவர்தானே உட்கார்ந்து அதையெல்லாம் அச்செடுத்திருப்பார்? தீர்ப்பில் அந்த ஆளைப் பற்றிப் பேச்சில்லை.

கணினி நிர்வாகிகளுக்கென்று ஒரு நெறிமுறைக் கோவை உண்டு, யூஸ்நிக்ஸ் போன்ற அமைப்புகள் வெளியிட்டது. தனிப்பட்ட தகவலைத் தொழில்நுட்ப வேலைக்குத் தேவைப்பட்டால் மட்டும் பார். எந்த வழியில் தெரியவந்தாலும் ரகசியம் காப்பாற்று என்கிறது. இது என் பக்கம்தான் என்று சந்தோஷப்பட்டேன். நேர்மை பற்றியும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிட்டேன்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. "வந்ததுலேருந்து ஒரு மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. ஆபீஸில் ஒருத்தர் விஷயம் என்றேன். "ஆண்டு விழாவுல நம்ம பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்களே ரெண்டு பேர், அவரா?" அவரேதான். இல்லை என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய வேலையில் ஒரு பொய்யோடு நிற்பதில்லை போலும்.

அந்த வாரமே மகள் வந்து நின்றாள், பத்து மணிக்கு மேல் ஏன் நெட் வருவதில்லை என்று. ரூட்டரில் அவள் போனுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டிருந்தேன். "அப்போ நான் என்ன பார்க்கிறேன்னும் தெரியுமாப்பா?" "நேரம் மட்டும்தான் வச்சிருக்கேன்" என்றேன். ரூட்டரில் டிஎன்எஸ் பட்டியல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அணைத்தும் வைக்கவில்லை. ஏதாவது வைரஸ் வந்தால் தேவைப்படும் என்று காரணம் சொல்வேன். காரணம் சொல்லத் தெரியாமலா இந்த வேலையில் இருக்கிறேன். மேலாளரிடம் மெயில் கேட்டவன், மகள் விஷயத்தில் யாரிடம் அனுமதி கேட்டேன்?

அவள் என்னைவிடக் கெட்டி. ஐஓஎஸ் 14 வந்த 2020-இலிருந்து ஐபோன் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி மேக் முகவரியைத்தான் காட்டுகிறது. அந்த செட்டிங்கை மாற்றிவிட்டால் என் ரூட்டருக்கு அது புதுக் கருவி, கட்டுப்பாடு செல்லாது. பெயரில்லாத ஒரு கருவி நள்ளிரவில் இணைந்திருப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மனைவியிடம் சொல்லவில்லை.

ஆபீஸில் அந்த ஊழியர் சில மாதங்களில் வேறு இடம் போய்விட்டார். இதனால்தானா, அந்த வேலைத் தேடல் உண்மையிலேயே அவருக்கானதா, தெரியாது. வழியனுப்பும் கூட்டத்தில் எல்லோருக்கும் போல எனக்கும் கைகொடுத்தார்.

இப்போது லாக் கேட்பதற்கென்று ஒரு படிவம் போட்டிருக்கிறேன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் பார்ப்பார்கள், எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்காகத்தான் படிவமே. முதலில் வந்த விண்ணப்பத்தில் அந்த இடத்தில் "பொது" என்று எழுதியிருந்தது. திருப்பி அனுப்பினேன். கூடுதலாக ஒரு கையெழுத்தோடு, அதே "பொது"வோடு திரும்பி வந்தது. எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை எந்த வரியையும் நீக்கவில்லை. நீக்கும்படி எதுவும் இல்லை என்பது எல்லா வரியையும் படித்த பிறகுதான் தெரிந்தது.