ஸ்டர்ரருக்கு ஏர் மோட்டார்

பெயின்ட் தொழிற்சாலையில் டொலுயீன் என்ற கரைப்பான் சேர்ந்த சரக்கைக் கலக்கும் ஸ்டர்ரருக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. டொலுயீனின் ஃபிளாஷ் பாயின்ட் (அதன் ஆவி பொறிபட்டுப் பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை) சுமார் 4 டிகிரி செல்சியஸ். மார்கழிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சாதாரண மின் மோட்டார் அந்தப் பக்கமே வரக்கூடாது.

“ஃபிளேம்ப்ரூஃப் போட்டுடலாமே சார்” என்றார் ஃபோர்மேன். உள்ளே பொறி பறந்தாலும் தீ வெளியே வராத மின் மோட்டார் அது, தாராளமாகப் போடலாம். ஆனால் நிறமித்தூள் கொட்டக் கொட்டச் சரக்கு கெட்டியாகி, சில நேரம் துடுப்பு அப்படியே நின்றுவிடும். மின் மோட்டார் என்றால் ஒவ்வொரு முறையும் அதைக் காக்கும் ரிலே ட்ரிப் ஆகி மின்சாரத்தை வெட்டிவிடும். அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் ஏர் மோட்டார் நின்றால் நிற்கும், அவ்வளவுதான், சூடேறி எரியாது. வேகத்தைக் குறைக்க வால்வைத் திருகினால் போதும். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் மோட்டாரும் பேச்சில் வந்தது. சீல் கசிந்தால் எண்ணெய் சரக்கில் விழுமே என்று விட்டுவிட்டோம்.

செலவுக் கணக்குதான் கசந்தது. தண்டில் 1 கிலோவாட் கிடைக்க, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் சுமார் 7, 8 கிலோவாட் மின்சாரம் தின்னும். நாள் முழுக்க ஓடும் இடமென்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். இது விட்டுவிட்டு ஓடுவது, அதனால் சரி.

கேட்லாக்கைப் பார்த்து ஏமாறுவது இதில் சுலபம். அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் 6 பார் காற்றழுத்தத்துக்கானவை. காற்று லைனின் கடைக்கோடியில் அவ்வளவு அழுத்தம் வந்து சேராது. வேன் மோட்டார் (வேன் எனும் தகடுகளைக் காற்று தள்ளிச் சுழலும் ஏர் மோட்டார்) நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தரும் முறுக்குவிசை, அது நின்றுபோகும்போது தருவதைவிடக் குறைவு. பாதிக் கலவையில் திரும்ப ஓட்ட வேண்டிய எங்களுக்கு அந்தச் சின்ன எண்தான் முக்கியம். அழுத்தத்தையும் குறைத்தே கணக்கிட்டு, ஒரு சைஸ் பெரியதாக, கியர்பாக்ஸோடு எடுத்தோம்.

வேன்கள் தேயாமலிருக்க, உள்ளே போகும் காற்றில் எண்ணெய் கலந்துவிடும் லூப்ரிகேட்டர் வேண்டும். அந்த எண்ணெய் வெளியேறும் காற்றோடு பனித்திவலையாக வரும். பெயின்ட்டில் ஒரு துளி விழுந்தாலும் பூச்சில் மீன்கண் மாதிரி குழி விழும். எனவே எக்ஸாஸ்டுக்கு ஹோஸ் மாட்டி அறைக்கு வெளியே விட்டோம். சத்தமும் குறைந்தது.

துடுப்பைச் சுத்தம் செய்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: நின்ற மோட்டார், சரக்கு இளகினால் தானாகவே சுற்றும். வால்வை மூடி, லைனில் தேங்கிய காற்றையும் விட்ட பிறகுதான் கை வைக்கலாம். அப்புறம் எர்த். மோட்டாரில் மின்சாரம் இல்லையே என்று அதை விட முடியாது. டொலுயீனைக் கலக்கும்போதே நிலைமின்சாரம் சேரும். டிரம், தொட்டி, ஸ்டர்ரர் மூன்றையும் ஒன்றாக இணைத்து எர்த் கொடுத்தோம்.